விசில் நிற்கும் வரை

மூன்றாவது முறையும் அந்தச் சீழ்க்கை வந்தபோது ரெஜீன் கையிலிருந்த கரண்டியை மேடையில் ஓங்கி வைத்தாள். மாவு தெறித்துச் சுவரில் ஒட்டியது.

முதல் இரண்டு தடவை அவளுக்குப் பழகிய சீழ்க்கைதான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. இந்த முறை மட்டும் குட்டைகள் இல்லை. ஒரே இழுப்பு. அடுப்படித் தரைக்குக் கீழே, நிலவறையின் கல்சுவர்களுக்குள் கிளம்பி, பலகை இடுக்குகள் வழியாக மெல்லியதாக மேலே கசிந்து, அவள் பாதத்தின் அடியிலேயே நின்றுவிட்டது போல நீண்டுகொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவள் அதைக் கவனித்திருப்பாள். இன்று கோபம் காதை அடைத்திருந்தது.

"அடி. நல்லா அடி," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். "நான் வரமாட்டேன்."

அவள் கணவன் லியோனெலுக்கு நான்கு நாளாகத் தொண்டையில் குரலே இல்லை. காகித ஆலையின் தூசியும் ஜனவரிக் குளிரும் சேர்ந்து கட்டிப்போட்டுவிட்டன. ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது அவனுக்கு வசதியாகப் போயிற்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். தனக்கு வேண்டியதற்கு மட்டும் உதட்டைக் குவித்து அடித்தால் போதும். காப்பிக்கு, துண்டுக்கு, தொலைந்துபோன கையுறைக்கு. பத்தொன்பது வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் இப்போது சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டான்.

திங்கட்கிழமை அவள் வெடித்தாள்.

"நான் என்ன உன் வேட்டை நாயா? இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட்டுப் பாரு. நீ கீழ கிடந்து உருண்டாக்கூட நான் எட்டிப் பார்க்கமாட்டேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நிதானமாக எழுதி, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். *நாயா இருந்தா முதல் சீழ்க்கைக்கே வந்திருக்கும்.*

சிரிப்பு வந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று சட்டென்று திரும்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை மறைத்ததில்தான் கோபம் இன்னும் இறுகிப்போயிற்று.

ஆனால் உண்மைச் சண்டை சீழ்க்கையைப் பற்றியது அல்ல. குழாயைப் பற்றியது.

இரண்டு வருடமாக, பனி உருகும் மாதத்தில் ஆற்றுத் தண்ணீர் நிலவறைக்குள் வந்து, எண்ணெயில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் இடுப்பு வரை ஏறிவிட்டுப் போனது. அதனால் புது பாய்லர் ஒன்றை மேலே, அடுப்படியை ஒட்டிய பின்கொட்டகையில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். எண்ணெய்த் தொட்டியும் நிலவறையை விட்டு வெளியேறி, வீட்டின் பின்பக்கம் போக வேண்டும். ஃபெர்ணான் வந்து பார்த்தான். அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளுக்கு அவன்தான் பாய்லர் வைத்தவன், அரசு உரிமம் பெற்றவன். மண்டியிட்டு நிலவறை முழுக்க விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"லியோ, புதுக் குழாய் எங்க போகுதுங்கறதை நாம அப்புறம் பேசலாம். பழசு எங்கெல்லாம் இருக்கோ, அதான் ஆளைக் கொல்லும். முதல்ல வெளிச்சுவத்துல, லாரிக்காரன் எண்ணெய் ஊத்தற நிரப்புக் குழாயோட வாயைப் பிடுங்கி ஓட்டையை அடை. கடைசியாத்தான் தொட்டியில கை வைக்கணும். வரிசையை மாத்தாத."

"வாயை அடைக்கறதுல நீ கெட்டிக்காரன்தான் ஃபெர்ணான்," என்றான் லியோனெல். அப்போது அவனுக்குக் குரல் இருந்தது. "உன் வாய்க்கு முதல்ல ஒரு மூடி போடேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். மறுவாரம் லியோனெல் தானே வேலையை ஆரம்பித்துவிட்டான்.

புதுத் தொட்டியிலிருந்து பாய்லருக்கு வரும் செப்புக் குழாயை அவன் முதலில் அடுப்படித் தரையிலேயே, அடுப்புக்குப் பின்னால், மின்கம்பியோடு கம்பியாக இழுத்துவிட்டான். அதுதான் குறுக்கு வழியாம். ரெஜீன் ஒரு வாரம் சமைக்கவில்லை. எட்டாம் நாள் அவன் அதை முழுவதும் பிடுங்கி, வெளியே கொண்டுபோய், கொட்டகைச் சுவரோரமாக, கூரைப்பனி சரிந்து விழாத பக்கத்தில், தகரக் கவசத்துக்குள் பதித்தான். சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் உறை போட்டான். தொட்டியடியில் ஒரு வால்வு, பாய்லருக்கு முன்னால் தீயின் சூடு பட்டால் தானாக மூடிக்கொள்ளும் இன்னொரு வால்வு. அந்தச் சண்டையில் அவள் ஜெயித்தாள்.

அடுத்ததில் தோற்றாள். பழைய தொட்டியை நவம்பரிலேயே கழற்றிச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டான். கிழக்குச் சுவரில் அதன் நிரப்புக் குழாயின் வாயும், பக்கத்தில் வளைந்த காற்றுக் குழாயும் அப்படியே இருந்தன. உள்ளே அவை எதிலும் போய்ச் சேரவில்லை. நிலவறைக் கூரைக்கு ஒரு முழம் கீழே வெட்டுப்பட்டுத் தொங்கின. "பிடுங்கு" என்றாள். சுவர் உறைந்துவிட்டது, வசந்தத்தில் பிடுங்குகிறேன் என்றான்.

மூன்றாவது சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. தொட்டி பின்பக்கம் போய்விட்டது என்று எண்ணெய்க் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஃபோன். திங்கட்கிழமை இரவு உணவின்போது ஞாபகப்படுத்தினாள். அவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஃபோனை அவள் பக்கம் தள்ளினான். அவள் திருப்பித் தள்ளினாள்.

"குழாய் உன் வேலை. ஃபோனும் உன் வேலை. தொண்டை சரியானதும் பேசிக்க."

இன்று வியாழக்கிழமை.

பனிப்புயலுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. அவள் அங்கே உணவுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அதனால் இன்று வீட்டில். அவன் மத்தியானம் சாப்பிட்டதும், தரைக்கதவைத் திறந்து நிலவறைக்கு இறங்கிப்போனான். பழைய பாய்லர் நின்ற இடுப்பளவு பள்ளத்தில் அதன் வார்ப்பிரும்புப் பாளங்கள் இன்னும் கிடந்தன. அவற்றைப் பிரித்து மேலே ஏற்ற வேண்டுமாம். கொஞ்ச நேரம் இரும்பு சத்தம் கேட்டது. ஒரு பெரிய சத்தம். பிறகு அமைதி. பிறகு சீழ்க்கை ஆரம்பித்தது.

"உதவிக்கு ஆள் வேணும்னா நோட்டுல எழுதிக் கொண்டுவந்து காட்டட்டும்," என்று ரெஜீன் சுவரில் தெறித்த மாவைத் துடைத்தாள்.

மணி மூன்றரை. வெளியே வெளிச்சம் அதற்குள் நீலமாகிவிட்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்தது. பக்கத்துக் கல்லில் அவள் ப்ளாய் ஊற்றினாள். திருப்பிப் போடாமல், மேலே கண்கண்ணாகத் துளை விழும் வரை ஒரே பக்கம் வேகவிட வேண்டிய மஞ்சள் தோசை. அது வேகும் சின்னச் சத்தத்துக்கு அடியில், குழம்பின் கொதிப்புக்கு அடியில், காற்று ஜன்னலை உரசும் சத்தத்துக்கு அடியில், அந்த ஒற்றை இழுப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

முன்னறைச் சுவரில் ஆரஞ்சு நிறம் சுழன்றது.

போய்ப் பார்த்தாள். தெருவில் எண்ணெய் லாரி. தலைமேல் விளக்கு சுற்ற, எஞ்சின் உறும, அதன் வயிற்றிலிருந்து தடித்த குழாய் பனியின் மேல் நெளிந்து வீட்டின் மூலையைச் சுற்றி மறைந்திருந்தது. ஆள் கண்ணில் படவில்லை.

ரெஜீன் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். விசில்! தொட்டியின் விசில்!

எண்ணெய் உள்ளே இறங்க இறங்க, தொட்டியிலிருந்து வெளியேறும் காற்று, தொட்டியின் உச்சியில் பொருத்திய விசிலை ஊதிக்கொண்டு காற்றுக் குழாய் வழியாக வெளியே வரும். நிரப்புகிறவனுக்கு உள்ளே கண் கிடையாது, காதுதான் அளவு. விசில் கேட்கும் வரை இடம் இருக்கிறது, ஊற்றலாம். விசில் நின்றால் நிறைந்துவிட்டது, நிறுத்து. இந்த ஊரில் தொட்டில் குழந்தைகூட அந்தச் சத்தத்துக்கு விழிக்காது. அதைப்போய், பாவம், அவன் கூப்பிடுகிறான் என்று நினைத்து இவ்வளவு நேரம் தரையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கொஞ்சம் இளக்கமும் வந்தது. நிலவறைக் குளிரில் இரண்டு மணி நேரமாக, குரலும் இல்லாமல், தனியாக இரும்போடு மல்லுக்கட்டுகிறான். மேலே வரட்டும். சூடாக நாலு ப்ளாய், வெண்ணெய் தடவிச் சுருட்டி, குழம்போடு வைத்துவிட்டு, சமாதானம் என்று வாயால் சொல்லாமலே அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கம்பெனிக்கும் நாளைக்குத் தானே ஃபோன் செய்துவிடலாம். குழாய் மூலையைச் சுற்றிப் போயிருக்கிறது; பின்பக்கம் போக வேண்டும் என்று லாரிக்காரனுக்குத் தெரிந்துதான் இருக்கிறதே.

இரண்டு ப்ளாய் வெந்தன. நான்கு. ஆறு.

விசில் நிற்கவில்லை.

தொட்டி நிறைய ஐந்து நிமிஷம் ஆகும். அரைத்தொட்டி காலியென்றால் அதுகூட ஆகாது. ரெஜீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வேறொரு எண்ணம், குளிர்ந்த விரல் போல அவள் முதுகைத் தொட்டது.

லாரி வருவதற்கு முன்பே விசில் கேட்டதே?

கேட்டதா? கரண்டியை வைத்தபோது தெருவில் விளக்கு இருந்ததா? நினைவில்லை. கோபத்தில் எதைத்தான் பார்த்தாள்? முன்கதவைத் திறந்தாள். காற்று பனியை முகத்தில் அறைந்தது.

"முடிஞ்சுதா?" என்று மூலையைப் பார்த்துக் கத்தினாள்.

"விசில் நிக்கலையே மேடம்!" மூலைக்கு அப்பாலிருந்து கரகரப்பான ஓர் ஆண்குரல் வந்தது. "உங்க வீட்டுக்குப் பயங்கர தாகம்!"

"நீங்க புது ஆளா?"

"பழைய ஆள் இடுப்பு பிடிச்சுப் படுத்துட்டார். நான் தெக்கேருந்து வந்தவன். கதவைச் சாத்துங்க மேடம், நான் ஊத்தற சூடெல்லாம் வெளிய போகுது!"

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே பின்கொட்டகைக்கு நடந்தாள். பாய்லர் சாதுவாக முனகிக்கொண்டிருந்தது. அதன் கதகதப்பில் ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. உள்ளங்கையால் துடைத்து வெளியே பார்த்தாள்.

புதுத் தொட்டி. அதன் தலைமேல் ஒரு சாண் பனி, கத்தியால் வெட்டி வைத்தது போல, கலையாமல். மூடியும் பனிக்குள். சுற்றிலும் முழங்கால் பனி, வெள்ளையாக, வழுவழுப்பாக.

குழாய் இல்லை.

ஒரு காலடிகூட இல்லை.

ரெஜீனின் கை கண்ணாடியிலேயே இருந்தது. குளிர் உள்ளங்கையில் ஏறியது. அந்த ஆள் பின்பக்கம் வரவே இல்லை. கிழக்குச் சுவரில் நிற்கிறான். பழைய வாயில் ஊற்றுகிறான். அந்த வாய்க்கு உள்ளே தொட்டி கிடையாது. தொட்டி போய்விட்டது. விசில் தொட்டியில் இருந்தது. அதுவும் தொட்டியோடு போய்விட்டது.

அப்படியானால் ஊதுவது எது?

"லியோ," என்றாள்.

முன்கதவை நோக்கி ஓடினாள். அந்த ஆளை நிறுத்த வேண்டும், அதுதான் முதல் வேலை, அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அடுப்படியைத் தாண்டும்போது இழுப்பு அறுந்தது. காலடியிலிருந்து, ரொம்ப மெலிதாக:

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

அவளைக் கூப்பிடும் சீழ்க்கை.

நின்றுவிட்டாள். கோபம் வந்தது. அவன்மேல், ஃபோன்மேல், அதைத் திருப்பித் தள்ளிய தன் கைமேல். "வரேன்டா, வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அழுதுகொண்டே தரைக்கதவின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

வாடை முகத்தில் மோதியது. நவம்பரிலிருந்து வீடே எண்ணெய் வாடையில்தான் கிடந்தது; மூக்கு பழகிப்போய்விட்டது. இது வேறு. இது கண்ணைக் கரித்தது.

கீழே ஒற்றை பல்பு. கூரைக்கு ஒரு முழம் கீழே வெட்டுப்பட்ட குழாய். அதிலிருந்து எண்ணெய் முறுக்கிய கயிறு போலச் சத்தமின்றி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு எண்ணெய் என்று அடையாளம் தெரியக் கம்பெனி சாயம் போட்ட சிவப்பு. தரை முழுக்க ஓடி, எல்லாமே ஒரே பக்கம் சரிந்து, பள்ளத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

பள்ளத்தின் நடுவில் அவன் தொப்பி மிதந்தது.

படி தெரியாமல் இறங்கினாள். இரண்டாம் அடியில் கால் வழுக்கியது. பள்ளத்தின் விளிம்பு விலாவில் இடித்தது. உள்ளே விழுந்தாள். சாய்த்து வைத்திருந்த பாளம் ஒன்று அவளோடு சேர்ந்து சரிந்து, தொடைமேல் உட்கார்ந்தது. வாயைத் திறந்தாள், எண்ணெய் நுழைந்தது. தொண்டை எரிந்தது. உட்கார்ந்த நிலையில் தலையை மேலே எடுத்தாள். மார்பு வரை எண்ணெய். பாளத்தைத் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி தள்ளினாள்.

கத்தினாள். காற்று மட்டும் வந்தது.

கை அவன் சட்டையில் பட்டது. இழுத்தாள். தோள் வந்தது, தலை வந்தது. நான்கு விரல் ஆழத்திலிருந்து அவன் முகம் மேலே வந்தது. கண் திறந்திருந்தது. கண்மேல் எண்ணெய் வழிந்தது, இமைக்கவில்லை. மடியில் ஏற்றிக்கொண்டாள். தாடை கட்டையாகிவிட்டிருந்தது. கழுத்து வளையவில்லை. இப்போது வந்த குளிர் அல்ல அது.

இப்போது நடந்தது அல்ல.

அப்படியானால் ஒரு நிமிஷத்துக்கு முன் அவளை யார் கூப்பிட்டது?

நிலவறையில் சத்தமே இல்லை. எண்ணெய் இறங்கும் வழவழப்பு மட்டும். பிறகு சுவருக்கு வெளியே, காற்றுக் குழாய் வழியாக, பக்கத்தில் நின்று பேசுவது போல லாரிக்காரனின் குரல்.

"ஆ. நின்னுடுச்சு."

ஏதோ நெம்புகோல் விழும் சத்தம். கயிறு மெலிந்தது. நூலானது. சொட்டானது. நின்றது.

ரெஜீனுக்குப் புரிந்துவிட்டது. பாளத்தை முஷ்டியால் தட்டினால் எஞ்சின் உறுமலில் லாரிக்காரனுக்குக் கேட்காது. அவன் காது விசில் ஒன்றுக்குத்தான் திறந்திருக்கிறது. அது கேட்காத வரை அவன் ஊற்றமாட்டான். குழாயைச் சுருட்டுவான். கதவைத் தட்டுவான், சீட்டு கொடுக்க. யாரும் திறக்காவிட்டால் எட்டிப் பார்ப்பான். திறந்த தரைக்கதவையும் நிலவறை விளக்கையும் பார்ப்பான். வாடை பிடிப்பான். வருவான்.

மூச்சு சீறினால்கூட விசில் என்று நினைத்துவிடுவான்; மூச்சுகூடச் சத்தம் போடக்கூடாது. அவ்வளவுதான்.

தொண்டையில் இருமல் முட்டியது. விழுங்கினாள். மூக்கில் எண்ணெய் எரிந்தது. பல்லைக் கடித்தாள். அவன் தலையை மார்போடு அணைத்து, ஒரு சத்தமும் இல்லாமல், அழுதாள்.

"ரெட்டைத் தொட்டி போலிருக்கு," வெளியே அவன் தனக்குத்தானே முணுமுணுத்தான். "குடிச்சுத் தீத்துடுச்சு."

இரும்பு மூடி திருகும் முதல் சத்தம்.

கிறீச்.

அவள் கைக்குள் ஏதோ அசைந்தது.

குனிந்து பார்த்தாள். லியோனெலின் கண்கள் அப்படியே இருந்தன. மார்பு எழவில்லை. உதடுகள் மட்டும். நீலம் பாரித்த உதடுகள், மெல்ல, மெல்லக் குவிந்தன.

வேண்டாம், என்று உதட்டால் சொன்னாள். லியோ. வேண்டாம். நான் வந்துட்டேன். இதோ பாரு. வந்துட்டேன்ல.

ஒரே இழுப்பு.

"அட!" வெளியே சிரிப்பு. மூடி மறுபடி கழன்றது. "இன்னும் இடம் இருக்கா?"

தலைக்கு மேலே குழாய் கனைத்தது. சிவப்புக் கயிறு மறுபடி இறங்கியது.

அவள் இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள். முழு பலத்தோடு, முழுக் கோபத்தோடு பொத்தினாள். எண்ணெய் கழுத்தைத் தொட்டது. குளிர்ந்த அந்த முகத்திலிருந்து, அவள் விரல்களின் இடுக்குகள் எல்லாவற்றிலும், சீழ்க்கை சூடாக வந்துகொண்டே இருந்தது.